ஒரு சீஸ் நேரம்

அந்த வீட்டில் நேரம் கேட்டால் தின்பண்டத்தின் பெயரில்தான் பதில் வரும். பெரியவருக்குக் கை கால் பயிற்சி எவ்வளவு நேரம் என்றால் இரண்டு ரொட்டி. குளிக்க வைக்க நான்கு ரொட்டி. ஜன்னலோர நாற்காலியில் உட்கார ஒரு சீஸ். லிப்ட் மெக்கானிக்கான மகன் எப்போது வீடு திரும்புவான் என்றால், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் ஒரு கம்பளிப் போர்வை. புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றபடி ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, இங்கே எல்லாரும் நல்லபடியாகத்தானே இருக்கிறீர்கள் என்று மருமகளிடமே விசாரித்தாள். அவள் கேட்டதிலும் தப்பில்லை.

எல்லாம் ஒரு போன் விளையாட்டால் வந்தது. நாலு மாடு, பத்து கோழி, ஓர் அடுப்பு, ஒரு பால் கொட்டகை, ஒரு தறி என்று ஒரு குட்டிப் பண்ணை. ரொட்டி வேக ஐந்து நிமிடம், வெண்ணெய் திரள அரை மணி, சீஸ் உறைய ஒரு மணி, கம்பளிப் போர்வை நெய்ய நான்கு மணி. விளையாட்டு என்று பெயரே தவிர, அதில் முக்கால்வாசி காத்திருப்பதுதான். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் சேர்த்துவைத்த வைரத்தைச் செலவழித்து உடனே முடித்துக்கொள்ளலாம்.

மருமகள்தான் முதலில் ஆடத் தொடங்கினாள். வாஷிங் மிஷின் பழுதானவர்கள் கூப்பிட்டால் புகாரைப் பதிந்து ஆள் அனுப்பும் வேலை அவளுக்கு. வீட்டின் உள் அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு செய்வது. ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவே கிடைக்கும் அரை நிமிடத்தில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிடுவாள். இதில் அவள் கெட்டிக்காரி. குளிக்கப் போகுமுன் வெண்ணெய், சமையலில் இறங்குமுன் சீஸ், கடைகண்ணிக்குக் கிளம்பினால் போர்வை என்று போட்டுவைத்துப் பண்ணையில் அடுப்பு, கொட்டகை, தறி எதையும் சும்மா கிடக்க விடமாட்டாள். நிஜ அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அதையும் கொஞ்சம் கவனி என்று புருஷன் கிண்டல் பண்ணுவான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதி, விசில் ஊதி அனுப்புவது அவர் உத்தியோகம். தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் அவர் டைம் கீப்பர்தான். அவர் விசிலுக்கு முன்னால் ஒரு வண்டியும் நகர்ந்ததில்லை என்று டிப்போ ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வந்த நோய் அவருடைய வலது கையையும் காலையும் பேச்சில் பெரும்பகுதியையும் எடுத்துக்கொண்டது. அதோடு விட்டிருக்கலாம். எண்களையும் சேர்த்து வழித்துக்கொண்டு போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அவருக்கு ஒரு வட்டமும் பன்னிரண்டு கீறலும்தான் தெரிந்தன. அதைப் பார்த்துப் பார்த்து அவர் அழுததைத் தாங்கமாட்டாமல் மகன் அதைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டான்.

மிச்சமிருந்தது பத்துப் பன்னிரண்டு சொற்கள். அவற்றில் முதலாவது 'டைம்'. நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மருமகள் உள்ளே போவாள். இரண்டு நிமிடம் ஆகாது, டைம் என்று குரல் வரும். வந்து பதில் சொல்லிவிட்டுப் போவாள், மறுபடி டைம். பத்தேகால் என்றாலும் பத்தரை என்றாலும் அவருக்கு ஒன்றுதான். இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே, அது முடியுமா முடியாதா என்பதுதான் அந்த மனிதர் கேட்டது. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

ஒருநாள் பொறுமை எல்லை மீறிப்போய், குழந்தை கையில் கிலுகிலுப்பையைத் திணிப்பது போல், பண்ணை ஓடிக்கொண்டிருந்த தன் போனை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அப்படிச் செய்ததற்காக அவளுக்கு உறுத்தவும் செய்தது. திரும்பி வந்து பார்த்தால் மனிதர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். சீஸைச் சுற்றி ஒரு பச்சை வளையம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. நிறைந்து முடிந்ததும் மணி அடித்து, சீஸ் வெளியே குதித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், நோய் வந்த நாளிலிருந்து அவள் காணாத முகத்துடன். காத்திருப்பதற்கு ஒரு முடிவு உண்டு என்று ஒருவழியாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அன்றே பெட்டியில் கிடந்த பழைய போனை எடுத்து, அதிலும் பண்ணையைத் திறந்து, நாற்காலிப் பலகையில் நிறுத்திவைத்தாள். ஒரே பண்ணையை இரண்டு போனிலும் நடத்தலாம், விளையாட்டிலேயே அதற்கு வழி இருந்தது. 'சீஸ் ஆனதும் வந்து படுக்க வெச்சுடறேன் மாமா' என்பாள். அவர் 'சரி' என்பார். அதோடு டைம், டைம் என்ற கூப்பாடு நின்றது. சீஸ் ஆனதும் ஒரே ஒரு தரம் 'சீஸ்' என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். வைரங்கள் நானூறுக்கு மேல் சேர்ந்துகிடந்தன, ஒன்றைக்கூடத் தொட விடமாட்டார். சும்மா செய்துகாட்டலாம் என்று ஒருமுறை அவள் விரலைக் கொண்டுபோனபோது அவள் கையையே தட்டிவிட்டார். நேரத்துக்கு முன்னால் வண்டியை அனுப்பும் பழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நாற்காலி கூடாது என்பது வாரத்துக்கு ஒருமுறை வரும் நர்ஸ் போட்ட சட்டம். தானாக அசைந்து உட்கார முடியாதவர், ஒரே இடத்தில் பாரம் அழுத்தினால் தோல் செத்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் மணிக்கு ஒருமுறை மருமகள் இருக்கையை விட்டு எழுந்தாள். எழுந்துபோகும் ஒவ்வொரு நிமிடமும் கம்பெனிக் கணினியில் சிவப்பாக விழுந்தது.

வம்பு ஒரு வாடிக்கையாளர் ரூபத்தில் வந்தது. மிஷினில் போட்ட சட்டைகள் எல்லாம் நீலமாகிவிட்டன என்று ஒருவர் அரை மணி நேரமாகக் கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து 'சீஸ்' என்று கணீரென்று குரல்.  நான் இங்கே சட்டையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறேன், நீங்கள் அங்கே சீஸ் தின்றுகொண்டிருக்கிறீர்களா என்று அவர் கேட்ட கேள்வி ஒலிப்பதிவில் ஏறி, டீம் லீடரின் காதுக்குப் போயிற்று. டீம் லீடர் நல்ல மனிதர், நிதானமாகத்தான் பேசினார். குழுவிலேயே அதிகம் எழுந்துபோவது நீங்கள்தான், இன்னும் ஒரு வாரம் இதே கதை என்றால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல என்னால் ஆகாது என்றார்.

மறுநாள் ஓர் அழைப்பு நீண்டுகொண்டே போனபோது, இன்னும் மூன்று நிமிடத்தில் கூடத்தில் மணி அடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. தன் போனை எடுத்துப் பால் கொட்டகையைத் திறந்தாள். சீஸைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு, முன்னால் ஒரு வெண்ணெயைச் செருகினாள். வரிசையை மாற்றினால் பின்னால் போனது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. சுண்டுவிரல் வேலை. கூடத்தில் சத்தமே இல்லை. இருபது நிமிடம் கழித்து அழைப்பை முடித்துவிட்டு ஓடினாள். மாமனார் திரையைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் வெண்ணெயைச் சுட்டிக்காட்டி, 'லேட்' என்றார்.

புகாராகச் சொல்லவில்லை. வண்டி தாமதம் என்று பலகையில் எழுதிப்போடுகிற தோரணைதான். வழியில் ஏதோ ஆகியிருக்கும், வரவேண்டியது வரும், அதுவரை உட்கார்ந்திருப்பதுதான் முறை. முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இனி இப்படிச் செய்யக்கூடாது என்று அவள் அன்றைக்கு நினைத்துக்கொண்டது என்னவோ உண்மை.

அடுத்த வாரமே மறுபடி செய்தாள். பிறகு அது பழகிப்போயிற்று. ஒரு வெண்ணெய் இரண்டு வெண்ணெய் ஆனது. ஒரு மணி நேரம் என்பது ஒன்றே முக்கால் ஆகி, இரண்டு ஆகி, சில நாட்கள் இரண்டரையைத் தொட்டது. கணினியில் சிவப்பு குறைந்தது. முன்னேற்றம் தெரிகிறது என்று டீம் லீடர் எழுதினார். மாமனார் 'லேட்' என்று தனக்குத்தானே அறிவித்துக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பார், பஸ் போனால் தலையசைப்பார், மறுபடி திரையைப் பார்ப்பார். ஒருநாளாவது கூப்பிட்டுச் சத்தம் போட்டிருந்தால் அவள் ஓடிப்போயிருப்பாள். அவர்தான் நம்பினாரே.

அழைப்புகள் வந்ததால்தான் செய்தாள் என்று முடித்துவிட்டால் கதை அவளுக்குச் சாதகமாகிவிடும். இரண்டு நாள், சரியாக இரண்டே நாள், எந்த அழைப்பும் இல்லாதபோதும் செய்தாள். இடைவேளை நேரம். எழுந்து போய் அவரைத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் சீஸைப் பின்னால் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, காலை எதிர் நாற்காலியில் நீட்டி ஒரு கோப்பை டீ குடித்தாள். யாரும் கூப்பிடாத இருபது நிமிடம். அந்த டீ எவ்வளவு ருசியாக இருந்தது என்பது இன்றைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை.

விடுமுறை நாட்களில்தான் அப்பாவுக்குக் குளியல், அதுவும் மகன் கையால். அப்படி ஒருநாள் அவன் குளியலறையிலிருந்து அவளைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, நடுவில் தோல் உரிந்திருந்தது. வலித்திருக்க வேண்டும். அந்த மனிதர் 'லேட்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்தாள். பேச்சில் வேகமும் கையில் நிதானமும் உள்ளவள். அவரைச் சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துப் புண்ணைக் கழுவிக்கொண்டே, எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டாள்.

'ஒரு மணி நேரம்' என்றாள் மருமகள். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

மகனும் ஆமாம் என்றான். அவனுக்குத் தெரிந்தது அதுதான். நர்ஸ் கட்டுப் போட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

'ஒரு மணி நேரத்துக்கே இப்படின்னா, தோல் தாங்கலைன்னு அர்த்தம். இனிமே நாற்காலியே வேணாம். படுக்கையிலயே ரெண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போடுங்க. இவருக்கு இனி அதான் நல்லது.'

மருமகள் கட்டிலைப் பார்த்தாள். கட்டில் கிடந்த இடத்திலிருந்து தெரு தெரியாது. ஒரு சுவரும் கூரையும்தான். நாற்காலி போனால் அவருக்கு ஜன்னல் போயிற்று, பஸ் போயிற்று, உட்கார்ந்து சாப்பிடுவதுகூடப் போயிற்று. இருக்கிற காலமெல்லாம் படுக்கை. அத்தனையும் அவள் சொன்ன ஒரு மணி நேரம் என்ற வார்த்தையின்மேல் நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அதைவிட மோசம், படுக்கையோடு கிடந்தால் அவளுக்குத்தான் வேலை குறைவு. இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்தால் போதும், கணினி பச்சையாகவே இருக்கும். இது மனதில் ஓடியதுதான் அவளை உலுக்கியது. சீ என்று ஆகிவிட்டது.

'ஒரு மணி நேரம் இல்லீங்க' என்றாள். 'ரெண்டு. சில நாள் ரெண்டரைகூட ஆயிருக்கு. நான் பொய் சொல்லிட்டேன்.'

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரிடமிருந்து பதில் வந்தது. 'இல்ல.' கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, 'ஒரு சீஸ்' என்றார். இடது கையைத் தூக்கி ஒற்றை விரலைக் காட்டினார். 'கரெக்ட்.'

நர்ஸ் அவரையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு சீஸ் என்றால் ஒரு மணி நேரம் என்று மகன் விளக்கினான். இந்த விஷயத்தில் அப்பா தப்பவே மாட்டார் என்றும் சேர்த்துச் சொன்னான். நர்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டில் யாருக்காவது புண் வந்துவிட்டால் பார்த்துக்கொள்ளும் பெண்கள் பழியை இழுத்துத் தங்கள் தலையில் போட்டுக்கொள்வார்கள், நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி மருமகளின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அசதியில் அவள் ஏதோ குழம்பிப் பேசுகிறாள் என்றான் புருஷன், பரிவாகத்தான். இரண்டு பேரும் சேர்ந்து அவளைக் குற்றமற்றவள் ஆக்கிவிட்டு, படுக்கையை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று பேசத் தொடங்கினார்கள். நர்ஸ் தன் நோட்டைத் திறந்தாள்.

மருமகள் கூடத்துக்குப் போய்ப் பழைய போனை எடுத்துவந்தாள். மாமனாரை மெல்லத் தன் பக்கம் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, போனை அவர் கண்ணெதிரே நிறுத்தினாள். ஒரு சீஸைப் போட்டாள். பச்சை வளையம் நூலாகத் தொடங்கியது. அவர் முகம் தளர்ந்தது. பழகியதைப் பார்க்கிற நிம்மதி.

'என் கையைப் பாருங்க மாமா' என்றாள்.

தன் போனை அவர் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, சீஸைப் பின்னால் இழுத்தாள். முன்னால் வெண்ணெயை வைத்தாள். பழைய போனில், யாரும் தொடாமலேயே, சீஸ் பின்னுக்குப் போய் வெண்ணெய் முன்னால் வந்தது. மறுபடி மாற்றினாள். மறுபடி தள்ளினாள்.

அவர் அவள் விரலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். 'நீ?' என்றார்.

'நான்தான் மாமா.'

'லேட்?'

'எல்லா லேட்டும் நான் பண்ணினதுதான். வண்டி சரியாத்தான் வந்துச்சு. நான்தான் நிறுத்தி வெச்சேன்.'

அவர் கோபப்பட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். இடது கை விரலால் பழைய போனில் அந்தச் சீஸைத் தொட்டு, முன்னால் இழுக்கப் பார்த்தார். விரல் வழுக்கியது. இன்னொரு தரம் இழுத்தார், அதுவும் வரவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

நர்ஸ் நோட்டில் எழுதியதை அடித்தாள். அப்படியானால் வேறு கதை, புண் ஆறட்டும், ஆறியதும் காற்றுமெத்தை போட்டு ஒரு மணி நேரம் தாராளமாக உட்காரலாம், ஆனால் ஒரு மணி என்றால் ஒரு மணிதான் என்றாள். திட்டவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதான் என்றாள். புருஷன் மாலையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அழைப்பில் இருக்கும்போது நீயும்தான் என்ன செய்வாய் என்றான். அழைப்பில் இல்லாதபோதும் செய்தேன், டீ குடித்தேன் என்பதையும் சொல்லிவிட்டாள். அவன், டீ குடிக்காமல் யாரால் இருக்க முடியும் என்றான். அவன் மன்னிப்பதில் இவ்வளவு அவசரப்பட்டது அவளுக்குத் தாங்கவில்லை. மன்னிக்க வேண்டியவர் அவனில்லை.

டீம் லீடரிடம் மணிக்கு ஒருமுறை எழுந்தே தீருவேன், முடியாது என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினாள். அவர் பாதி நாள் வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். இதை ஆறு மாதம் முன்பே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, சீஸைத் தள்ளத் தோன்றியது.

புண் ஆற மூன்று வாரம் ஆயிற்று. நர்ஸ் பார்த்துவிட்டுச் சரி என்றதும், காற்றுமெத்தை போட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். வழக்கம்போல் பழைய போனைப் பலகையில் நிறுத்தினாள். அவர் புறங்கையால் அதை மெல்லத் தள்ளினார். அது குப்புற விழுந்தது. நிமிர்த்தி வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பதினொரு மணிக்கு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, அந்தப் பதினொன்று அவருக்கு எதுவுமில்லை என்று நினைவு வந்து, 'சீக்கிரம் வந்துடறேன் மாமா' என்று மட்டும் சொன்னாள்.

அவர் 'சரி' சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே அவள் உட்கார்ந்த ஒரு மணி நேரமும் காது கூடத்தில்தான் இருந்தது. டைம் என்று கேட்பார், ஓடலாம் என்று ஒவ்வொரு நிமிடமும் தயாராக இருந்தாள். கேட்கவே இல்லை. மணி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போதே பேசிக்கொண்டிருந்த ஆளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி வைத்து எழுந்தாள். கூடத்துக்கு வந்து நாற்காலி முன்னால் குனிந்து, தோள் கொடுக்கக் கையை நீட்டினாள்.

'ஒரு மணி நேரம் ஆச்சு மாமா. படுத்துக்கலாம்.'

அவர் அசையவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். உதடு ஒருமுறை கோணிக்கொண்டு திரும்பியது, மறுபடி கோணியது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் மாதக்கணக்கில் போராடியும் பண்ணை தந்த 'சீஸ்' தவிர அவரிடம் புதிதாக ஒரு சொல்கூடச் சேரவில்லை. அன்றைக்குத்தான் ஒன்று, யாரும் சொல்லிக்கொடுக்காமல், எழுத்து எழுத்தாக வெளியே வந்தது.

'நி... ஜமா?'

'நிஜம் மாமா' என்றாள். அவளுக்கே அது நம்பும்படியாகக் கேட்கவில்லை.

 அவர், வேறு வழியில்லாதவர் போல், இடது கையைத் தூக்கி அவள் தோளில் போட்டார். புதிதாக ஒரு சொல் வந்தால் நான் எங்கே இருந்தாலும் உடனே போன் பண்ணிச் சொல் என்று மகன் சொல்லியிருந்தான். அவள் போனை எடுக்கவில்லை.